ஜனதா கடிகாரத்தின் வரைபடங்களைப் பொதுவில் வையுங்கள்

மேசை இழுப்பறைக்குள் முடங்கிக் கிடக்கும் பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரங்கள் எல்லாம் செத்துப்போனவை அல்ல. எடுத்துக் காதருகே வைத்து லேசாக ஆட்டினால் சிலவற்றில் டிக் டிக் ஓசை உடனே கேட்கும். பேலன்ஸ் வீல் ஆடும், மெயின் ஸ்பிரிங்கில் இழுவை இருக்கும். ஆனால் சாவிக் குமிழை வெளியே இழுத்தால் முள் திரும்பாது. அல்லது குமிழே கையோடு வந்துவிடும். அல்லது நேரம் வைத்த சில மணி நேரத்தில் முள் பின்தங்கிப்போகும். நேரத்தைக் காட்டும் இயந்திரம் நன்றாக இருந்தும், நேரத்தைத் திருத்தும் பாகங்கள் தேய்ந்துபோனதால் கைவிடப்பட்டவை இவை. புதுக்கோட்டை கீழராஜ வீதியிலும் அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி கடைத்தெருக்களிலும் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை செய்யும் கடிகாரக்காரர்களுக்கு இதைச் சரிசெய்யும் கைத்திறன் இல்லாமல் இல்லை. பாகம்தான் கிடைப்பதில்லை. இந்த நிலையை மாற்ற முடியும்; மாற்ற வேண்டிய பொறுப்பும் அரசுக்கே இருக்கிறது. எச்.எம்.டி. ஒரு பொதுத்துறை நிறுவனம். அதன் கடிகார ஆலைகளை மூடிய அரசு, அந்தக் கடிகாரங்களின் பாக வரைபடங்களை மக்களுக்குத் திறந்துவிட வேண்டும்.

சிக்கல் எவ்வளவு சிறியது என்பது டயலுக்கு அடியில் பார்த்தால்தான் புரியும். குமிழோடு மரை போட்டு இணைத்த எஃகுத் தண்டுக்கு ஸ்டெம் என்று பெயர். அதில் சதுரமாக அராவிய பகுதியின் மேல் கிளட்ச் வீல் என்ற சிறு பல்சக்கரம் முன்னும் பின்னும் நகரும். குமிழ் உள்ளே அழுந்தியிருக்கும்போது அதன் ஒருபக்கப் பற்கள் சாவி கொடுக்கும் பினியனோடு சேர்ந்திருக்கும்; திருகினால் மெயின் ஸ்பிரிங் முறுகும். குமிழை வெளியே இழுத்ததும், ஸ்டெம்மின் பள்ளத்தில் மூக்கை நுழைத்திருக்கும் செட்டிங் லீவர் சுழன்று, இன்னொரு நெம்புகோலைத் தள்ளி, கிளட்ச் வீலை மறுபக்கம் நகர்த்தும். இப்போது அதன் அடுத்த பக்கப் பற்கள் செட்டிங் வீலைப் பிடிக்கும். அது மினிட் வீலைத் திருப்பும். மினிட் வீல், நிமிட முள்ளைத் தாங்கும் கேனன் பினியனையும் மணி முள்ளைத் தாங்கும் சக்கரத்தையும் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்த்து ஓட்டும். மொத்தம் ஒன்பது, பத்துச் சிறு துண்டுகள். ஸ்டெம்மின் மரைப் பகுதி சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். செட்டிங் லீவரின் மூக்கில் தேய்ந்துபோவது முடியளவு எஃகு. அந்த முடியளவு இழப்புக்கு ஒரு முழுக் கடிகாரம் பலியாகிறது.

மற்ற பாகங்களுக்கு முன்பே இவை தேய்வதற்குக் காரணம் உண்டு. கடிகாரத்துக்குள் மனிதக் கையின் பலம் நேரடியாகப் போய்ச்சேரும் இடம் இதுதான். எச்.எம்.டி.யின் ஜனதா, பைலட் போன்ற மாதிரிகளில் இருப்பது தினமும் சாவி கொடுக்க வேண்டிய 17 ஜூவல் இயந்திரம். ஒருவர் அதை முப்பது ஆண்டு கட்டியிருந்தால் பத்தாயிரம் முறைக்கு மேல் சாவி கொடுத்திருப்பார். ஒவ்வொரு முறையும் இருபது, முப்பது திருகல். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வந்த பழைய சீக்கோ 5 மாதிரிகள் பலவற்றில் குமிழைத் திருகிச் சாவி கொடுக்கவே வழியில்லை. கை அசைவிலேயே ஸ்பிரிங் முறுகிக்கொள்ளும். குமிழுக்கு நாளும் நேரமும் திருத்துவது மட்டுமே வேலை. அதனால் அங்கே இந்தத் தேய்மானம் குறைவு. அடுத்தது வியர்வை. கேஸுக்குள் ஈரம் நுழைய எளிதான வழி குமிழ் நுழையும் துளை. அங்குள்ள ரப்பர் வளையம் இறுகிப்போனதும், உள்ளே வரும் ஈரம் முதலில் தொடுவது ஸ்டெம்மையும் கிளட்ச் வீலையும்தான். கோட்டைப்பட்டினம், மீமிசல், ஜெகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. துருத்தூள் பழைய எண்ணெயோடு கலந்து, பற்களை அரைத்துத் தின்னும் பசையாகிறது. வைத்திருந்தவர் அஜாக்கிரதையாக இருந்தார் என்பதல்ல இதன் பொருள். தினமும் தவறாமல் சாவி கொடுத்தவரின் கடிகாரத்தில்தான் இது முதலில் வரும்.

இந்தத் தேய்மானத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பதே ஒரு தேர்ந்த வேலை. குறிப்பாக கேனன் பினியன். பெரும்பாலான கைக்கடிகாரங்களில் இது நடுச் சக்கரத்தின் தண்டின்மேல் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும். இயந்திரம் ஓடும்போது தண்டோடு சேர்ந்து சுழலும் அளவுக்கு இறுக்கம் வேண்டும்; நாம் முள்ளைத் திருப்பும்போது தண்டை விட்டு வழுக்கும் அளவுக்குத் தளர்வும் வேண்டும். பல்லாண்டு வழுக்கித் தேய்ந்து இந்தப் பிடி தளர்ந்தால், உள்ளே இயந்திரம் சரியாக ஓடிக்கொண்டிருக்க, நிமிட முள் மட்டும் பின்தங்கும். கொண்டுவருபவர் ‘ஸ்லோவாக ஓடுகிறது’ என்று சொல்வார். அவசரக்காரர் ரெகுலேட்டரை வேகப் பக்கம் தள்ளிவிடுவார்; சரியாக இருந்த ஒன்றும் கெடும். வினாடி முள்ளை ஒரு நல்ல கடிகாரத்தோடு ஒப்பிட்டு, அது பிசகாமல் ஓட நிமிட முள் மட்டும் தவறுகிறதா என்று பார்ப்பவரே உண்மைக் கோளாறைப் பிடிப்பார். பார்வையற்றோருக்காக எச்.எம்.டி. தயாரித்த பிரெய்ல் கடிகாரத்தை நினைத்துப் பாருங்கள். மூடியைத் திறந்து, முள்ளை விரலால் தொட்டு நேரம் அறியும் கடிகாரம் அது. கேனன் பினியனின் பிடி தளர்ந்தால் தொடும் விரலுக்கே முள் நகர்ந்துவிடும். நேரம் பார்ப்பதே நேரத்தைக் கெடுப்பதாகிவிடும். அத்தகைய கடிகாரத்தை வைத்திருப்பவருக்கு இந்தச் சிறு பாகம் ஓர் அலங்காரப் பிரச்சினை அல்ல.

தேய்ந்த பாகங்கள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்த முடியாது. கேனன் பினியனை அதற்கென உள்ள கருவியில் வைத்து, பக்கவாட்டில் மிக மெல்ல அழுத்தினால் பிடி திரும்பும். பலம் கூடினால் பிளந்துவிடும். செட்டிங் லீவரின் மூக்கு தேய்ந்திருந்தால் எஃகுத் தகட்டிலிருந்து புதிதாக வெட்டி, அராவி, தோய்ச்சல் போட்டு, மெருகேற்றிப் பொருத்தலாம். பொறுமை வேண்டும், ஆனால் அபூர்வ வித்தை அல்ல. ஸ்டெம்மைச் சிறு கடைசல் இயந்திரத்தில் கடைந்து, சதுரப் பகுதியை அரத்தால் எடுப்பது ஐரோப்பியக் கடிகாரப் பள்ளிகளில் மாணவர்களுக்கு வழக்கமாகத் தரப்படும் தொடக்கப் பயிற்சி. உண்மையில் கடினமானது கிளட்ச் வீல்தான். அதன் பற்கள் மழுங்கினால் அராவிக் கூர்மையாக்குவது ஏமாற்று வேலை. சில மாதத்தில் மறுபடி வழுக்கும். புதிதாகத்தான் செய்ய வேண்டும், செய்வதற்குப் பல்லின் வடிவமும் எண்ணிக்கையும் உள்துளையின் அளவும் சரியாகத் தெரிய வேண்டும். தேய்ந்த ஒன்றை அளந்து அது தேயாதபோது என்ன அளவில் இருந்தது என்று யூகிக்க வேண்டிய நிலையில்தான் இன்று ஒவ்வொரு கடிகாரக்காரரும் இருக்கிறார். வரைபடம் இருந்தால் யூகம் வேண்டாம்.

இதற்குச் சொல்லப்படும் முதல் மறுப்பு: பழைய எச்.எம்.டி.கள் மலிவாகக் கிடைக்கின்றன, ஒன்றை உடைத்து இன்னொன்றுக்குப் போட்டுக்கொள்ளலாமே. கடைகளில் இப்போது நடப்பது இதுதான். கடிகாரக்காரரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு வேறு வழியில்லை. ஆனால் இந்த வழிக்கு ஆயுள் குறைவு. ஒரே மாதிரிக் கடிகாரங்களில் ஒரே பாகம்தான் தேய்கிறது. உடைக்கப்படும் கடிகாரத்திலும் டயல், பேலன்ஸ், பிரிட்ஜ் எல்லாம் நன்றாக இருக்கும். நமக்கு வேண்டிய கிளட்ச் வீல் மட்டும் பாதி தேய்ந்திருக்கும். ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு கடிகாரம் அழிகிறது, போடப்பட்ட பாகமோ புதிதல்ல. இப்படி மிஞ்சும் உதிரிகளைக் கூட்டிச் சேர்த்து, டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, பழைய எச்.எம்.டி. என்று வெளிநாட்டவருக்கு இணையத்தில் விற்கும் வணிகமும் வளர்ந்திருக்கிறது. எந்தக் கேஸில் எந்த இயந்திரம் இருந்தது என்றே தெரியாத நிலைக்குப் பாகப் பஞ்சம் ஒரு முக்கியக் காரணம்.

எச்.எம்.டி. 1953-இல் இயந்திரக் கருவிகள் செய்யும் நிறுவனமாகப் பெங்களூரில் தொடங்கியது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு கடிகாரத்துக்கு வந்தது. பிறகு துமகூரு, ராணிபாக் என ஆலைகள் பெருகின. கோடிக்கணக்கான கடிகாரங்கள் வெளிவந்தன. அரசு வேலையில் சேர்ந்தவருக்கும், மாப்பிள்ளைக்கும், தேர்வில் தேறிய பிள்ளைக்கும் வாங்கித் தந்த கடிகாரம் அதுதான். எண்பதுகளில் குவார்ட்ஸ் வந்து எல்லாவற்றையும் மாற்றியது. 1984-இல் தமிழக அரசின் டிட்கோவும் டாடா குழுமமும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூர் ஆலையிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களைக் கொண்டுவந்து சந்தையைப் பிடித்தது. எச்.எம்.டி. தொடர் நட்டத்தில் விழுந்தது. 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட ஒப்புதல் தந்தது. மூடியது சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. நட்டத்தில் ஓடும் ஆலையை மூடலாம். ஆனால் மக்கள் பணத்தில் உருவான அறிவையும் சேர்த்து மூடிவிட யாருக்கும் உரிமை இல்லை. மத்திய கனரகத் தொழில் அமைச்சகத்தின் கீழ் தாய் நிறுவனமான எச்.எம்.டி. லிமிடெட் இன்றும் இருக்கிறது. அந்தப் பெயரில் கடிகாரங்கள் இன்றும் விற்கின்றன, பெங்களூரு ஜாலஹள்ளியில் பாரம்பரிய அருங்காட்சியகமும் நடக்கிறது. ஆக, வரைபடங்களைக் கேட்க ஒரு முகவரி இருக்கிறது.

வரைபடங்களை வெளியிட்டால் போலிகள் பெருகாதா என்று கேட்கலாம். போலி செய்பவருக்கு வேண்டியது டயலும் பெயரும்தான். அவை ஏற்கெனவே அச்சாகிக்கொண்டிருக்கின்றன. செட்டிங் லீவரின் அளவு தெரியாததால் போலி செய்யாமல் விட்டவர் எவரும் இருக்க முடியாது. எச்.எம்.டி. என்ற பெயருக்கும் சின்னத்துக்கும் வணிகக் குறிச் சட்டத்தின் காப்பு தொடரும். அதைத் தொட வேண்டியதில்லை. இந்தியாவில் காப்புரிமைக்கு ஆயுள் 20 ஆண்டு. பதிவுசெய்த வடிவமைப்புக்கு அதிகபட்சம் 15 ஆண்டு. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பிறந்த இயந்திரங்களுக்கு இரண்டுமே எப்போதோ கடந்துவிட்டன. சிட்டிசனின் சம்மதம் தேவைப்படும் இடம் ஏதேனும் இருந்தால் கேட்டுப் பெறலாம். அரை நூற்றாண்டு பழைய ஸ்டெம்முக்குச் சம்மதம் கேட்டு ஓர் அரசு எழுதும் கடிதம் பெரிய ராஜதந்திரம் ஒன்றும் இல்லை.

வெளிநாட்டில் இதே பிரச்சினை வேறு முகத்தோடு நடக்கிறது. சுவிஸ் நிறுவனங்கள் சுதந்திரமான பழுதுபார்ப்பவர்களுக்கு உதிரிபாகம் தர மறுப்பதை எதிர்த்து ஐரோப்பியக் கடிகாரக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அவர்கள் தந்த புகாரை ஐரோப்பிய ஆணையம் 2014-இல் தள்ளியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2017-இல் அந்த முடிவை உறுதிசெய்தது. அதே சுவிட்சர்லாந்தும் பிரான்ஸும் சேர்ந்து தந்த விண்ணப்பத்தின்பேரில், 2020-இல் இயந்திரக் கடிகாரக் கைவினை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. கைவினைக்கு மரியாதை, கைவினைஞருக்குப் பாகம் இல்லை! அங்கே பாகத்தைப் பூட்டி வைத்திருப்பவர் லாபம் பார்க்கும் தனியார். இங்கே வைத்திருப்பது மக்களின் அரசு. அவர்களால் நீதிமன்றம் போயும் பெற முடியாததை நாம் ஓர் அரசாணையில் பெற முடியும்.

‘பழுதுபார்க்கும் உரிமை’ பற்றி மத்திய நுகர்வோர் துறை 2022-இல் குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் திறந்தது. வேளாண் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. தனியார் நிறுவனங்கள் கையேடுகளையும் பாகங்களையும் மக்களுக்குத் தர வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். நல்ல நோக்கம். அதைத் தனியாரிடம் கேட்கும் அரசு தன் சொந்த நிறுவனத்திடம் கேட்காமல் இருப்பது முறையல்ல. 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களிலும் பூட்டு செய்பவர் இருக்கிறார், மீன்வலை பின்னுபவர் இருக்கிறார். கடிகாரம் பழுதுபார்ப்பவர் இல்லை. தமிழ்நாடு அந்தத் திட்டத்தை ஏற்கவில்லை என்பது வேறு விஷயம். பட்டியல் போட்டவர்களின் கண்ணில் இந்தத் தொழில் படவில்லை என்பதையே சொல்கிறேன்.

வரைபடம் மட்டும் வந்துவிட்டால் பாகம் தானாக முளைக்காது. செய்ய ஆள் வேண்டும். கடிகாரத் தொழிலுக்குத் தனிப் படிப்பு வைத்தால் சேர மாணவர்கள் இல்லை என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். நான் கேட்பது தனிப் படிப்பு அல்ல. புதுக்கோட்டை அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர் படிக்கும் பிள்ளைகளுக்கு நுண்பாக வேலை ஒரு பகுதியாக இருக்கட்டும். தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய் செலவில் 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனப்படுத்தியிருக்கிறது. அத்தகைய இயந்திரங்களில் பயிற்சிக்காக வெட்டி எறியப்படும் இரும்புத் துண்டுக்குப் பதில் ஒரு ஜனதா ஸ்டெம்மைக் கடையச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் உடனே தெரிந்துவிடும் வேலை அது. அதில் கை படிந்தவர் மருத்துவக் கருவியிலோ அளவைக் கருவியிலோ எங்கு போனாலும் பிழைப்பார். தட்டையான பாகங்களான செட்டிங் லீவரையும் அதன் ஸ்பிரிங்கையும் வயர்கட் இயந்திரத்தில் தகடுகளை அடுக்கி மொத்தமாக வெட்டலாம். திருச்சி பெல் ஆலையை ஒட்டி வளர்ந்த மாத்தூர் தொழிற்பேட்டை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கே கொதிகலன் பாகம் செய்யும் கைகளுக்கு இந்த அளவு புதிதுதான். வரைபடத்தைப் படித்து அளவு தவறாமல் செய்யும் பழக்கம் புதிதல்ல.

செல்போனில் நேரம் பார்க்கும் காலத்தில் இது எதற்கு என்பது கடைசி மறுப்பு, வலுவானதும் அதுதான். சில நூறு ரூபாய்க்குப் புதுக் குவார்ட்ஸ் கடிகாரம் வாங்கலாம். ஒரு கிளட்ச் வீலைத் தனியாகச் செய்யச் சொன்னால் அதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள். கணக்கு அப்படித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கூலி அதிகமாக இருப்பது ஒவ்வொரு பாகத்தையும் ஒருவர் தனியாக அளந்து, யூகித்து, ஒன்றே ஒன்றாகச் செய்வதால். எச்.எம்.டி.யின் கை-சாவி இயந்திரம் ஒன்றே, பின்பக்கத்தில் 0231 என்று பொறித்திருக்குமே அது, ஜனதாவிலும் பைலட்டிலும் இன்னும் பல மாதிரிகளிலும் ஓடியது. ஒரு வரைபடம் லட்சக்கணக்கான கடிகாரங்களுக்குப் பொருந்தும். ஐந்நூறு ஐந்நூறாகச் செய்தால் ஒரு பாகத்தின் விலை இறங்கிவிடும். அதோடு, இயந்திரக் கடிகாரம் காலாவதியான பொருளும் அல்ல. அதே ஓசூர் டைட்டன் ஆலை இன்று சொந்தமாக ஆட்டோமேடிக் இயந்திரம் தயாரிக்கிறது. வாங்க ஆள் இருப்பதால்தானே தயாரிக்கிறது. புதிதாகச் செய்து விற்க ஆள் இருக்கும் பொருளைப் பழுதுபார்க்க ஆள் இல்லாமல் போவது இயற்கையான மாற்றம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் பழம்பொருட்களைக் காக்கும் வேலையைச் செவ்வனே செய்கிறது. ஓடக்கூடிய கடிகாரத்துக்கு அங்கே இடம் தேட வேண்டாம், மணிக்கட்டிலேயே இருக்கட்டும்.

செய்ய வேண்டியது இது: 0231 இயந்திரத்தின் ஸ்டெம், செட்டிங் லீவர், அதன் ஸ்பிரிங், கிளட்ச் வீல், கேனன் பினியன் ஆகிய ஐந்தின் வரைபடங்களையும் எஃகின் தரம், தோய்ச்சல் விவரங்களையும் எச்.எம்.டி. லிமிடெட் தன் இணையதளத்தில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட வேண்டும். மற்ற இயந்திரங்கள் பிறகு வரட்டும். 2008 தொகுதி மறுவரையறையில் புதுக்கோட்டை தன் மக்களவைத் தொகுதியை இழந்தது. மாவட்டம் திருச்சி, சிவகங்கை, ராமநாதபுரம், கரூர் என்று நான்கு தொகுதிகளுக்குப் பிரிந்துபோனது. அதன் பலனாக இந்த மாவட்டத்துக்காகக் கேள்வி கேட்கக்கூடிய மக்களவை உறுப்பினர்கள் நால்வர் இருக்கிறார்கள். கனரகத் தொழில் அமைச்சரிடம் இந்த ஐந்து வரைபடங்களைப் பற்றி ஒரு கேள்வி எழுப்ப அவர்களில் ஒருவர் போதும்.